இருட்டறையைக் கேமராவுக்குள் கொண்டுவந்தவர்: உடனடிப் புகைப்படமும் எட்வின் லேண்டும்

1947-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் தேதி, நியூயார்க் நகரில் அமெரிக்க ஒளியியல் சங்கத்தின் கூட்டம் நடைபெற்றது. உரையாற்ற வந்திருந்த 37 வயது எட்வின் லேண்ட், கூடியிருந்த அறிவியலாளர்கள் முன்னிலையில் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டார். ஏறத்தாழ ஒரு நிமிடம் காத்திருந்து, ஒட்டியிருந்த இரு தாள்களைப் பிரித்தார். ஒன்றில் அவரது முகம் பழுப்பு நிறத்தில் முழுமையாகப் பதிந்திருந்தது. இருட்டறை, ரசாயனத் தொட்டி, காயவைக்கும் கொடி என எதுவுமின்றி ஒரு புகைப்படம் உருவாகியிருந்தது.

இதன் முக்கியத்துவத்தைப் புரிந்துகொள்ள, அதுவரை இருந்த நடைமுறையை அறிவது அவசியம். 1888-இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, படம் எடுப்பது எளிதானது. படத்தைப் பார்ப்பது எளிதாகவில்லை. 100 படங்களுக்கான சுருளுடன் விற்கப்பட்ட அந்தக் கேமராவை, எடுத்து முடித்தபின் ராசெஸ்டர் நகரில் இருந்த தொழிற்சாலைக்கே அனுப்பிவைக்க வேண்டும். பிற்காலத்தில் ஃபிலிம் சுருளை மட்டும் ஸ்டூடியோவில் கொடுத்தால் போதும் என்றானது. ஆயினும், எடுப்பவர் ஒருவர், கழுவி அச்சிடுபவர் மற்றொருவர், இடையே சில நாட்கள் காத்திருப்பு என்ற ஏற்பாடு 60 ஆண்டுகள் மாறவில்லை. எடுத்த படம் சரியாக வந்திருக்கிறதா என்பது, மீண்டும் எடுக்க வாய்ப்பில்லாத காலத்தில்தான் தெரியவரும்.

நாயின் சிறுநீரில் தொடங்கிய கதை

1909-ஆம் ஆண்டு மே 7-ஆம் தேதி, அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள பிரிட்ஜ்போர்ட் நகரில் பிறந்தவர் எட்வின் ஹெர்பர்ட் லேண்ட். 1926-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்த அவர், சில மாதங்களிலேயே படிப்பை நிறுத்திவிட்டு நியூயார்க் சென்றார். எதிரே வரும் வாகனங்களின் முகப்பு விளக்குகள் ஓட்டுநர்களின் கண்களைக் கூசச் செய்வதைத் தடுக்க வேண்டும் என்பதே அப்போது அவர் மனத்தை ஆக்கிரமித்திருந்த எண்ணம். ஒளியின் தளவிளைவு அதற்குத் தீர்வாகும் என அவர் நம்பினார்.

ஒளி அலைகள் பல தளங்களில் அதிர்கின்றன. அவற்றுள் ஒரு தளத்தில் அதிர்பவற்றை மட்டும் அனுமதித்து, மற்றவற்றைத் தடுப்பதே தளவிளைவாக்கியின் பணி. அக்காலத்தில் இதற்கு விலையுயர்ந்த கால்சைட் படிகங்களையே நம்பியிருந்தனர். பெரிய படிகங்கள் கிடைப்பது அரிது. இச்சூழலில், 1852-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர் வில்லியம் பேர்டு ஹெராபத் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு லேண்டின் கவனத்தை ஈர்த்தது. குயினைன் மருந்து உட்கொண்ட நாயின் சிறுநீரில் அயோடின் துளி விழுந்தபோது, ஒளியைத் தளவிளைவு செய்யக்கூடிய பச்சை நிற நுண்படிகங்கள் உருவானதை ஹெராபத்தின் மாணவர் ஒருவர் கவனித்தார். அந்தப் படிகத்தைப் பெரிதாக வளர்க்கப் பலர் முயன்று தோற்றனர்.

லேண்ட் எதிர்த்திசையில் சிந்தித்தார். ஒரு பெரிய படிகத்துக்குப் பதிலாக, கோடிக்கணக்கான நுண்படிகங்களை ஒரே திசையில் அடுக்கி, மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பதித்தால் என்ன? நியூயார்க் பொது நூலகத்தில் பகலில் படித்தும், கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் இரவு நேரங்களில் அனுமதியின்றி நுழைந்து சோதனைகள் செய்தும், 20 வயதுக்குள் அதைச் சாதித்தார். 1929-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மீண்டும் ஹார்வர்டு சென்றபோதிலும் பட்டம் பெறாமலேயே வெளியேறினார். அங்கு இயற்பியல் கற்பித்த ஜார்ஜ் வீல்ரைட்டுடன் இணைந்து 1932-இல் ஆய்வகம் ஒன்றைத் தொடங்கினார். அதுவே 1937-இல் போலராய்டு நிறுவனமாக உருவெடுத்தது.

கார் உற்பத்தியாளர்கள் அவரது முகப்பு விளக்குத் திட்டத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனால் அந்தத் தாள் குளிர்கண்ணாடிகளுக்கும் கேமரா வடிகட்டிகளுக்கும் பயன்பட்டது. 1938-இல் அந்நிறுவனம் உருவாக்கிய, அயோடின் ஏற்றப்பட்ட பாலிவினைல் ஆல்கஹால் தாளின் வழிவந்தவையே இன்றைய எல்சிடி திரைகளில் உள்ள தளவிளைவுத் தாள்கள். போலராய்டு என்ற பெயரைக் கேட்டதும் கேமராவை மட்டுமே நினைப்பவர்கள், அதன் மற்றொரு வாரிசைக் கணினித் திரையிலோ கைபேசியிலோ அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்று வயதுச் சிறுமியின் கேள்வி

1943-ஆம் ஆண்டு டிசம்பரில் லேண்ட் தன் குடும்பத்துடன் நியூ மெக்சிகோ மாநிலத்தின் சான்டா ஃபே நகருக்கு விடுமுறைக்குச் சென்றிருந்தார். அங்கு அவர் எடுத்த படத்தை உடனே ஏன் பார்க்க முடியாது என்று அவரது மூன்று வயது மகள் ஜெனிஃபர் கேட்டார். அந்தக் கேள்வியுடன் தனியே நடக்கச் சென்ற லேண்டுக்கு, ஒரு மணி நேரத்துக்குள் கேமரா, ஃபிலிம், வேதியியல் ஆகிய அனைத்தின் வடிவமும் மனத்தில் தெளிவானது என்பதே அவர் பின்னாளில் கூறிய விவரம். அவரது காப்புரிமை வழக்கறிஞர் டொனால்டு பிரவுனும் தற்செயலாக அதே ஊரில் இருந்ததால், யோசனைகளை அன்றே அவரிடம் விவரித்தார்.

இந்த நிகழ்வு பலமுறை சொல்லப்பட்டு ஒரு தொன்மக் கதையாகவே மாறிவிட்டது. ஆனால் ஒரு மணி நேரத்தில் பிறந்த யோசனைக்குப் பின்னால், மெல்லிய தாள்களில் படிகங்களையும் வேதிப்பொருட்களையும் பரப்பிப் பழகிய 15 ஆண்டு அனுபவம் இருந்தது. வேறொரு நெருக்கடியும் இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவக் கண்ணாடிகளையும் குறிபார்க்கும் கருவிகளையும் தயாரித்தே நிறுவனம் வளர்ந்தது. போர் முடிந்தால் அந்த வருவாய் நின்றுவிடும். அவ்வாறே நின்றது, விற்பனை பலமடங்கு சரிந்தது. சிறுமியின் கேள்விக்கு விடை காண்பதில் நிறுவனத்தின் எதிர்காலமும் அடங்கியிருந்தது.

ஒரு நிமிடத்தில் நடப்பது என்ன?

வழக்கமான கருப்பு வெள்ளை ஃபிலிமில் வெள்ளி ஹேலைடு துகள்கள் உள்ளன. ஒளிபட்ட துகள்கள், கழுவும்போது வெள்ளியாக மாறிக் கருக்கின்றன. அதனால் வெளிச்சமான பகுதி கருப்பாகவும், இருண்ட பகுதி வெளுப்பாகவும் தெரியும் நெகட்டிவ் கிடைக்கிறது. ஒளிபடாத துகள்கள் தேவையற்றவை எனக் கரைத்து வெளியேற்றப்படும். பின்னர் நெகட்டிவ் வழியாக மற்றொரு தாளில் ஒளியைச் செலுத்தி அச்செடுக்க வேண்டும்.

லேண்டின் நுட்பம், வெளியேற்றப்படும் அந்தத் துகள்களில்தான் இருந்தது. அவை இருக்கும் இடங்கள் காட்சியின் இருண்ட பகுதிகள். அங்கேதான் இறுதிப் படத்திலும் கருமை தேவை. எனில், அவற்றைக் கரைத்து வீணாக்காமல், எதிரே ஒட்டியிருக்கும் தாளுக்கு நகர்த்தி, அங்கு வெள்ளியாகப் படியச் செய்தால் நேரடியாகப் படமே கிடைத்துவிடும். பரவல் மாற்றம் எனப்படும் இந்த முறையை, ஏறத்தாழ அதே காலத்தில் பெல்ஜியத்தின் ஆந்த்ரே ராட், ஜெர்மனியின் எடித் வைடே ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்து, ஆவணங்களை நகலெடுக்கப் பயன்படுத்தினர். அதை ஒரு கேமராவுக்குள் நிகழச் செய்ததே லேண்டின் தனித்த சாதனை.

அதற்கான கருவி எளிமையானது. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சிறு உறை. அதனுள் கூழ் போன்ற கெட்டியான ரசாயனம். படம் எடுத்தபின் தாளை இழுத்தால், இரு உருளைகளுக்கு இடையே உறை நசுங்கி உடைந்து, கூழ் இரு தாள்களுக்கு நடுவே சீராகப் பரவும். நெகட்டிவைக் கழுவும் பொருள், ஒளிபடாத துகள்களைக் கரைக்கும் பொருள் இரண்டும் அந்தக் கூழிலேயே உள்ளன. தண்ணீர் போல இருந்தால் வழிந்துவிடும் என்பதால் அதைக் கெட்டியாக்கியிருந்தனர். 60 விநாடிகளுக்குப் பின் கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து படத்தைப் பிரித்தெடுக்கலாம்.

1948-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி, பாஸ்டன் நகரின் ஜோர்டன் மார்ஷ் அங்காடியில் ‘மாடல் 95’ கேமரா விற்பனைக்கு வந்தது. விலை 89.75 டாலர், எடை சுமார் 2 கிலோ. அக்காலத்தில் இது சிறிய தொகை அல்ல. இருந்தும் விற்பனைக்கு வைக்கப்பட்ட 57 கேமராக்களும் முதல் நாளிலேயே விற்றுத் தீர்ந்தன.

மங்கிய படங்கள்

வெற்றியைத் தொடர்ந்து சிக்கலும் வந்தது. பழுப்பு நிறத்துக்குப் பதிலாக 1950-இல் அறிமுகமான கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த படங்கள், சில மாதங்களில் மங்கத் தொடங்கின. படத்தில் தங்கிவிட்ட ரசாயன எச்சமும் காற்றும் சேர்ந்து மெல்லிய வெள்ளிப் படலத்தை அரித்தன. வழக்கமான படங்கள் ஓடும் நீரில் கழுவப்படுகின்றன. இங்கு கழுவுதல் என்பதே இல்லை. தற்காலிகத் தீர்வாக, ஒவ்வொரு பெட்டியுடனும் பாதுகாப்புத் திரவம் நனைத்த துடைப்பான் வழங்கப்பட்டது. படம் எடுத்தவரே அதைத் தேய்த்துவிட வேண்டும். கை பிசுபிசுக்கும், வாடையடிக்கும் இந்த வேலையை வாடிக்கையாளர்கள் பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டனர்.

கருப்பு வெள்ளை ஃபிலிம் ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் மெரோயி மோர்ஸ். இவர் கல்லூரியில் பயின்றது வேதியியல் அல்ல, கலை வரலாறு. நுட்பமாகப் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு வேதியியலைக் கற்றுத்தர முடியும் என லேண்ட் கருதினார். கலை வரலாறு படித்த பெண்கள் பலரை ஆய்வகத்தில் சேர்த்தார். பெண்களுக்கு ஆய்வகக் கதவுகள் அரிதாகவே திறந்த காலம் அது. புகழ்பெற்ற நிலக்காட்சிப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸும் ஆலோசகராக நியமிக்கப்பட்டு, ஒவ்வொரு புதிய ஃபிலிமையும் சோதித்து விரிவான குறிப்புகளை அனுப்பிவந்தார்.

வண்ணப் படத்துக்கு மேலும் 15 ஆண்டுகள் தேவைப்பட்டன. ஹோவர்டு ராஜர்ஸ் தலைமையிலான குழு, சாயமும் கழுவும் வேதிப்பொருளும் ஒரே மூலக்கூறில் இணைந்த புதிய சேர்மங்களை உருவாக்கியது. 1963-இல் ‘போலகலர்’ ஃபிலிம் சந்தைக்கு வந்தது. இரு ஆண்டுகளில், 20 டாலருக்கும் குறைந்த விலையில் வெளியான ‘ஸ்விங்கர்’ கேமரா, உடனடிப் புகைப்படத்தை இளைஞர்களிடம் கொண்டுசேர்த்தது.

வெளிச்சத்திலேயே மலரும் படம்

இதுவரை சொல்லப்பட்ட எல்லா வகைகளிலும் ஒரு குறை எஞ்சியிருந்தது. நேரத்தைக் கணக்கிட்டுத் தாளைப் பிரிக்க வேண்டும். பிரித்தபின் ரசாயனம் ஒட்டிய நெகட்டிவ் குப்பையாகும். சுற்றுலாத் தலங்களில் அவை சிதறிக் கிடந்தன. 1972-ஆம் ஆண்டு ஏப்ரலில், பங்குதாரர்கள் கூட்டத்தில் லேண்ட் தன் மேல்கோட்டுப் பையிலிருந்து தட்டையான பொருள் ஒன்றை எடுத்து விரித்தார். அது எஸ்எக்ஸ்-70 கேமரா. பத்து விநாடிகளில் ஐந்து படங்கள் எடுத்தார். ஒவ்வொரு படமும் மோட்டாரால் வெளியே தள்ளப்பட்டு, பார்வையாளர்கள் கண்ணெதிரே, வெளிச்சத்திலேயே உருவெடுத்தது. பிரிக்க எதுவுமில்லை, குப்பையும் இல்லை.

லேண்டின் கண்டுபிடிப்புகளில் வேதியியல் நோக்கில் மிகவும் வியப்பூட்டுவது இதுவே. மூடப்பட்ட ஒரே சதுரத் தாளுக்குள் பல அடுக்குகள் உள்ளன. நீலம், பச்சை, சிவப்பு ஒளியை உணரும் மூன்று அடுக்குகளின் கீழே முறையே மஞ்சள், மெஜந்தா, சயான் சாயங்கள் இருக்கும். ஒளிபட்ட இடத்தில் அதற்குரிய சாயம் சிக்கிக்கொள்ளும். ஒளிபடாத இடத்தில் சாயம் விடுபட்டு மேலே நகரும். நீல வானத்தைப் படமெடுத்தால் மஞ்சள் சாயம் மட்டும் கீழே சிறைப்படும். மெஜந்தாவும் சயானும் மேலேறிச் சேர்ந்து நீலமாகத் தெரியும்.

ஆனால் தாள் வெளிச்சத்துக்கு வந்தவுடன் ஃபிலிம் முழுவதும் ஒளிபட்டு வீணாகிவிடாதா? இக்கேள்விக்கான விடைதான் ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. அடிப்பக்க வெள்ளை விளிம்பில் மறைந்திருக்கும் ரசாயன உறையில், காரத்துடன் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெண்ணிறப் பொடியும், சிறப்புச் சாயங்களும் கலக்கப்பட்டன. காரத்தன்மை மிகுந்திருக்கும்வரை இச்சாயங்கள் அடர்நிறத்தில் இருந்து, ஒரு திரைபோல் ஒளியைத் தடுக்கும். அதன் அடியில் படம் உருவாகும். பின்னர் தாளிலுள்ள அமில அடுக்கு காரத்தை மெல்ல மெல்லச் சமன்செய்ய, சாயங்கள் நிறமிழக்கும். திரை விலகியதும், டைட்டானியத்தின் வெண்மையைப் பின்புலமாகக் கொண்டு படம் தெரியத் தொடங்கும். போலராய்டு படங்களின் கீழ் விளிம்பு மற்றவற்றைவிட அகலமாக இருப்பது அழகுக்காக அல்ல; ரசாயன உறை அங்கு இருப்பதே காரணம்.

படத்தை உதறினால் விரைவில் தெரியும் என்ற நம்பிக்கையும் இங்கே கவனிக்கத்தக்கது. பழைய வகைப் படங்கள் ஈரமாக வெளிவந்ததால் உதறிக் காயவைக்கும் பழக்கம் ஏற்பட்டது. எஸ்எக்ஸ்-70 வகைப் படங்கள் முழுமையாக மூடப்பட்டவை. அவற்றை உதறினால் பயனில்லை. அடுக்குகள் பிரிந்து படம் கெடவும் கூடும்.

கடவுச்சீட்டு அல்ல, கட்டுப்பாட்டுச் சீட்டு

நெகட்டிவ் இல்லை, நகல் இல்லை, ஸ்டூடியோக்காரர் பார்ப்பதும் இல்லை. இந்தத் தன்மை உடனடிப் புகைப்படத்தை வீடுகளுக்கு அப்பாலும் கொண்டுசென்றது. குற்றம் நடந்த இடங்களில் காவல்துறையினரும், படப்பிடிப்புத் தளங்களில் காட்சித் தொடர்ச்சியைக் குறித்துவைக்கும் உதவியாளர்களும், அடையாள அட்டை வழங்கும் அலுவலகங்களும் இதைப் பயன்படுத்தினர். ஆண்டி வார்ஹோல் போன்ற ஓவியர்கள் இதைக் கலைக் கருவியாக்கினர்.

ஆனால் 1970-இல் நிறுவனத்தின் ஊழியர்களான கரோலின் ஹன்டர், கென் வில்லியம்ஸ் ஆகியோர், தென்னாப்பிரிக்க அரசுத் துறைக்கான அடையாள அட்டை மாதிரி ஒன்றைத் தங்கள் அலுவலகத்திலேயே கண்டனர். நிறவெறி ஆட்சியின்கீழ் கருப்பின மக்கள் எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டுகளுக்கான படங்கள், போலராய்டின் அடையாள அட்டைக் கருவியால் எடுக்கப்படுவது தெரியவந்தது. அச்சீட்டு இல்லாதவர்கள் கைது செய்யப்பட்டனர். இருவரும் போராட்டத்தைத் தொடங்கினர். ஹன்டர் பணிநீக்கம் செய்யப்பட்டார். அரசுக்கு விற்பனை செய்வதில்லை என நிறுவனம் உறுதியளித்தது. ஆனால் உள்ளூர் விநியோகஸ்தர் ரகசியமாக விற்றுவந்தது 1977-இல் அம்பலமானபின், தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறியது. நிறவெறிக்கு எதிராக அமெரிக்க நிறுவனம் ஒன்றின்மீது நடந்த தொடக்ககாலப் போராட்டங்களில் இதுவும் ஒன்று. லேண்டின் புகழ்பாடும் நூல்கள் இந்த அத்தியாயத்தை விரைந்து கடந்துவிடுவதுண்டு.

அரசுடனான லேண்டின் தொடர்பு வேறு தளத்தில் இருந்தது. 1954-இல் அதிபர் ஐசன்ஹோவருக்கு ஆலோசனை கூறிய குழுவில் இடம்பெற்ற அவர், யு-2 உளவு விமானம் உருவாக முக்கியக் காரணமாக இருந்தார். அமெரிக்காவில் அவர் பெற்ற காப்புரிமைகள் 535.

கோடாக்குடன் மோதல்

நீண்டகாலம் போலராய்டுக்கு நெகட்டிவ் தயாரித்து வழங்கியது கோடாக் நிறுவனமே. 1976-ஆம் ஆண்டு ஏப்ரலில் கோடாக் தன் சொந்த உடனடிக் கேமராவை வெளியிட்டது. ஒரு வாரத்துக்குள் போலராய்டு வழக்குத் தொடர்ந்தது. 1985-இல் வெளியான தீர்ப்பில் ஏழு காப்புரிமைகள் மீறப்பட்டதாக நீதிமன்றம் கூறியது. 1986 ஜனவரியில் கோடாக் இத்தொழிலை விட்டே விலக நேரிட்டது. அதுவரை விற்கப்பட்டிருந்த சுமார் 1.6 கோடி கேமராக்களுக்கு ஃபிலிம் கிடைக்காமல் போனது. கேமரா நிறுவனங்களின் சண்டையில் வாடிக்கையாளர்கள் கையில் எஞ்சியது வெறும் பெட்டி. இறுதியில் 1991-இல் 92.5 கோடி டாலர் செலுத்தி கோடாக் சமரசம் செய்துகொண்டது.

அந்தச் சமரசத்தைக் காண லேண்ட் உயிருடன் இல்லை. 1977-இல் அவர் பிடிவாதமாக வெளியிட்ட ‘போலவிஷன்’ என்ற உடனடித் திரைப்படக் கருவி, மூன்று நிமிடத்துக்கும் குறைவான, ஒலியில்லாத படத்தையே தந்தது. அதற்குள் வீடியோ டேப் சந்தைக்கு வந்துவிட்டது. பெரும் நஷ்டத்தைத் தொடர்ந்து, 1980-இல் தலைமைச் செயல் அதிகாரி பொறுப்பிலிருந்து விலகினார். 1982-இல் தான் தொடங்கிய நிறுவனத்துடனான உறவையே முறித்துக்கொண்டு, கேம்பிரிட்ஜ் நகரில் தான் நிறுவிய ரோலண்ட் ஆய்வு நிறுவனத்தில் வண்ணப் பார்வை குறித்த ஆராய்ச்சியில் ஈடுபட்டார். 1991-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி காலமானார்.

தொழிற்சாலை மூடிய பின்

போலராய்டின் வருவாய் கேமராவிலிருந்து அல்ல, ஃபிலிமிலிருந்து வந்தது. கேமராவைக் குறைந்த லாபத்தில் விற்று, ஒவ்வொரு படத்துக்கும் ஈட்டும் முறை அது. ஃபிலிமே தேவைப்படாத டிஜிட்டல் கேமராவை அந்நிறுவனம் அறியாமல் இல்லை. ஆனால் அதை முழுமனதுடன் ஏற்பது தன் வருவாயைத் தானே வெட்டுவதாகும். தயங்கி நின்ற நிறுவனம் 2001 அக்டோபரில் திவாலானது. பெயர் கைமாறியது. 2008 பிப்ரவரியில், உடனடி ஃபிலிம் தயாரிப்பு நிறுத்தப்படும் என அறிவிக்கப்பட்டது.

அதே ஆண்டு, நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் மூடப்படவிருந்த கடைசித் தொழிற்சாலையின் இயந்திரங்களை ஃப்ளோரியன் காப்ஸ், ஆந்த்ரே போஸ்மன் உள்ளிட்டோர் அடங்கிய சிறு குழு வாங்கியது. திட்டத்துக்கு ‘இம்பாசிபிள்’, அதாவது சாத்தியமற்றது என்றே பெயரிட்டனர். இயந்திரங்கள் இருந்தன, மூலப்பொருட்கள் இல்லை. சாயங்களையும் வேதிப்பொருட்களையும் தயாரித்துவந்த நிறுவனங்கள் அவற்றை ஏற்கெனவே கைவிட்டிருந்தன. எனவே ஃபிலிமின் சூத்திரத்தை ஏறக்குறையப் புதிதாகவே எழுத வேண்டியிருந்தது. 2010-இல் வெளியான முதல் ஃபிலிம்களில், ஒளியைத் தடுக்கும் திரைச் சாயம் போதுமான அளவு வேலை செய்யவில்லை. படம் வெளிவந்தவுடன் கையால் மூடியோ, பைக்குள் வைத்தோ வெளிச்சத்திலிருந்து காக்க வேண்டியிருந்தது. லேண்டின் குழு எவ்வளவு கடினமான சிக்கலைத் தீர்த்திருந்தது என்பது அப்போதுதான் பலருக்கும் விளங்கியது.

இதற்கிடையே, ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் 1998-இல் தொடங்கிய ‘இன்ஸ்டாக்ஸ்’ வகை, திருமண வரவேற்புகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் புதிய தலைமுறையிடம் இடம்பிடித்தது. இம்பாசிபிள் குழு பின்னர் போலராய்டு என்ற பெயரையே பெற்று, 2020 முதல் அப்பெயரில் இயங்கிவருகிறது. என்ஸ்கெடே தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டியில் இன்று 8 படங்கள் உள்ளன. லேண்டின் காலத்து எஸ்எக்ஸ்-70 பெட்டியில் 10 இருந்தன. வண்ணப் படம் முழுமையாகத் தெளிவதற்கு 10 முதல் 15 நிமிடங்கள் வரை ஆகிறது.